அமெரிக்கக் கோர்ட்டில் மனத்தகுதியும் இழப்பீடும்: மேல்முறையீடு வரை ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் ஒரு கிரிமினல் வழக்கு வந்துவிட்டால் குடும்பத்தைக் குழப்புகிற கேள்விகள் இரண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநிலை சரியில்லை என்றால் வழக்கை நடத்தலாமா என்பது ஒன்று. தண்டனையோடு சேர்த்துப் பாதிக்கப்பட்டவருக்குப் பணமும் கட்டச் சொல்கிறார்களே, அந்தத் தொகை எப்படி வந்தது, அதை எதிர்த்து மேலே போகலாமா என்பது இன்னொன்று. தனித்தனி விஷயங்களாகத் தோன்றினாலும் மேல்முறையீட்டில் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் வரும். மனத்தகுதியைச் சரியாகப் பார்க்காமல் அவசரத்தில் வாங்கிய தீர்ப்பு மேல் கோர்ட்டில் நிற்காது. அது போனால் அதை நம்பியிருக்கும் இழப்பீட்டு உத்தரவும் போய்விடும். அதனால் மனத்தகுதி விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற அக்கறை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ, பாதிக்கப்பட்டவருக்கும் அவ்வளவு இருக்க வேண்டும். இரு தரப்பாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இங்கே வரும் நாள் கணக்கும் பிரிவு எண்களும் ஃபெடரல் கோர்ட்டுக்கு உரியவை. மாநிலக் கோர்ட்டு என்றால் கெடுவும் நடைமுறையும் மாறும். அரசியலமைப்பை வைத்து உச்ச நீதிமன்றம் சொன்னவை மட்டும் எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும். இதைப் படித்துவிட்டு வக்கீல் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வக்கீலிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

மனத்தகுதி: எதைப் பார்க்கிறார்கள்

கோர்ட்டில் இதை ‘காம்பிடென்சி’ என்பார்கள். குற்றம் நடந்த நேரத்தில் புத்தி சரியாக இருந்ததா என்ற கேள்வி வேறு. அது விசாரணையில் எடுத்துவைக்கும் தற்காப்பு. மனத்தகுதி என்பது இன்றைய நிலையைப் பற்றியது. 1960ல் வந்த ‘டஸ்கி எதிர் ஐக்கிய அமெரிக்கா’ தீர்ப்பு மிகச் சிறியது, ஆனால் இன்றுவரை அளவுகோல் அதுதான். தன் வக்கீலோடு ஓரளவு நியாயமான புரிதலோடு கலந்து பேச முடிகிறதா? தன்மேல் நடக்கும் வழக்கைத் தகவலாக மட்டும் இல்லாமல் அறிவுபூர்வமாகவும் புரிந்துகொள்கிறாரா? இரண்டும் வேண்டும். இன்று என்ன தேதி, எந்த ஊர், என்ன நடந்தது என்று சொல்லிவிட்டால் போதாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘நீதிபதி யார், அரசு வக்கீல் யார் என்று சரியாகச் சொல்கிறானே, அப்புறம் என்ன’ என்று வீட்டாரே நினைத்துவிடுவார்கள். ஆனால் தன் சொந்த வக்கீலே தன்னை ஒழிக்க வந்த ஒற்றன் என்று அவர் உறுதியாக நம்பினால், தகவல் எல்லாம் சரியாக இருந்தும் வக்கீலோடு கலந்து பேச முடியாது. மறுபக்கமும் உண்டு. மனநோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாலே தகுதி இல்லை என்று ஆகிவிடாது. நோய் இருந்தும் தகுதியோடு இருப்பவர்கள் நிறையப் பேர்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசி முடித்தாலும் இதே அளவுகோல்தான் என்று 1993ல் ‘கோடினெஸ் எதிர் மோரன்’ வழக்கில் சொன்னார்கள். வக்கீல் இல்லாமல் தானே வாதாடுகிறேன் என்று ஒருவர் கேட்டால் மட்டும், கடுமையான மனநோய் உள்ளவர் விசாரணைக்குத் தகுதி பெற்றிருந்தாலும் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று கோர்ட் சொல்லலாம். 2008ல் வந்த ‘இண்டியானா எதிர் எட்வர்ட்ஸ்’ அதற்கு இடம் தருகிறது.

சந்தேகத்தைப் பதிவில் ஏற்றுங்கள்

முதல் வேலை இது. ஃபெடரல் சட்டத்தின் 18ஆம் தலைப்பில் பிரிவு 4241 இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் கேட்கலாம், அரசு வக்கீலும் கேட்கலாம். யாரும் கேட்காவிட்டாலும், நியாயமான காரணம் கண்ணில் பட்டால் நீதிபதி தானாகவே மனத்தகுதி விசாரணைக்கு உத்தரவிட வேண்டும். வழக்குத் தொடங்கியதிலிருந்து தண்டனை சொல்லும் வரை எப்போது வேண்டுமானாலும் இதைக் கிளப்பலாம்.

மேல் கோர்ட் புதிதாகச் சாட்சி கேட்காது. கீழ்க் கோர்ட்டில் பேசியது, தாக்கல் செய்தது, நீதிபதி சொன்னது, இவை மட்டும்தான் அதன் கையில் இருக்கும். வீட்டாருக்குத் தெரிந்த எவ்வளவோ விஷயம் அந்தப் பதிவில் ஏறாமலே போவதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். ‘ஜெயிலில் பார்க்கப் போனபோது மருந்து சாப்பிட மறுத்தான்’, ‘போனில் பேசும்போது செத்துப்போன தாத்தா வக்கீலாக வருவார் என்றான்’ என்பதுபோல், பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதுங்கள். உங்கள் முடிவுகள் வேண்டாம். பழைய மருத்துவச் சீட்டுகள், ஊரில் எடுத்த சிகிச்சையின் காகிதங்கள், மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கச் சொல்லுங்கள். வழக்கின் சங்கதியைப் பற்றி மட்டும் எதுவும் எழுத வேண்டாம், போனிலும் பேச வேண்டாம். ஜெயில் போன்கள் பதிவாகும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளில் நடப்பதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நீதிபதி வரிசையாகக் கேள்வி கேட்பார். கடந்த 24 மணி நேரத்தில் ஏதாவது மருந்து எடுத்தீர்களா? மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா? இங்கே நடப்பது புரிகிறதா? வெட்கத்தாலோ, சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அலுப்பாலோ, ‘ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன், புரிகிறது’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த மூன்று வார்த்தையும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கோர்ட்டில் பேசியதன் எழுத்துப் பதிவில், ஏறிவிடும். பின்னால் மேல்முறையீட்டில் அரசுத் தரப்பு எடுத்துக் காட்டும் முதல் பக்கம் அதுதான். சிகிச்சை இருந்தால் இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதால் யாரும் தண்டனையைக் கூட்டிவிட மாட்டார்கள்.

ஆய்வும் விசாரணையும்

கோர்ட் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நியமிக்கும். காவலில் வைத்து ஆய்வு செய்தால் அதற்கு 30 நாள் வரை, தேவைப்பட்டால் மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். இதற்குச் செலவாகும் காலம், இத்தனை நாளுக்குள் வழக்கை விசாரிக்க வேண்டும் என்ற விரைவு விசாரணைக் கெடுவில் சேராது. அறிக்கை இரு தரப்பு வக்கீல்களுக்கும் போகும்.

தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு தனி ஆபத்து. ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரியாமல் மௌனமாக இருப்பதை நோயின் அறிகுறி என்று எழுதிவிடலாம். பணிவாகத் தலையாட்டுவதை எல்லாம் புரிந்துவிட்டது என்றும் எழுதிவிடலாம். இரண்டு திசையிலும் தவறு நடக்கும். கோர்ட் அறையில் மொழிபெயர்ப்பாளர் கொடுப்பதற்கு 1978ஆம் ஆண்டின் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் சட்டம் இருக்கிறது. ஆய்வு அறைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் எழுத்தில் கேட்கட்டும். மாமாவோ அக்காவோ உட்கார்ந்து மொழிபெயர்க்கலாம் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரர்கள் பாசத்தில் பதிலைச் சரிசெய்து சொல்லிவிடுவார்கள். ஆய்வாளருக்கு வேண்டியதோ அந்தக் குழறலும் தடுமாற்றமும்தான்.

மனத்தகுதி விசாரணையில் சாட்சி சொல்லலாம், சாட்சிகளை வரவழைக்கலாம், ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தகுதி இல்லை என்பதற்கான சான்று எடை கூடி நின்றால் போதும்; சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை. நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் ஒரு மாநிலம் வைக்கலாம் என்று 1992ல் ‘மெடினா எதிர் கலிஃபோர்னியா’ சொன்னது. ஆனால் அந்தப் பொறுப்பைத் தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தக் கூடாது என்று 1996ல் ‘கூப்பர் எதிர் ஒக்லஹோமா’ தடுத்தது.

தகுதி இல்லை என்று முடிவானால் வழக்கு அங்கேயே ஒழிந்துவிடாது. முதலில் 4 மாதத்துக்கு மிகாமல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். நிலைமை தேறும் என்ற வலுவான வாய்ப்பு தெரிந்தால் மேலும் நியாயமான காலம். தேறவே வாய்ப்பில்லை என்றால் விசாரணைக்குத் தகுதி இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ஆளை முடிவில்லாமல் அடைத்து வைக்க முடியாது. 1972ல் ‘ஜாக்சன் எதிர் இண்டியானா’ தந்த பாதுகாப்பு இது. ஆபத்தானவர் என்று கருதினால் அதற்குத் தனி நடவடிக்கை வேண்டும்.

விசாரணைக்குத் தயார் செய்வதற்காக விருப்பமில்லாமல் மருந்து கொடுக்கலாமா என்பது 2003ல் ‘செல் எதிர் ஐக்கிய அமெரிக்கா’ வழக்கில் வந்தது. காப்பீட்டு மோசடி வழக்கில் மாட்டிய ஒரு பல் மருத்துவரின் வழக்கு. அரசுக்கு முக்கியமான நலன் இருக்க வேண்டும், மருந்து அதை உண்மையாகவே நிறைவேற்ற வேண்டும், வேறு மென்மையான வழி இருக்கக் கூடாது, மருத்துவ ரீதியாகவும் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனைகள் போட்டார்கள். மேல்முறையீட்டுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்த மருந்து உத்தரவை எதிர்த்து இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே மேலே போகலாம். மருந்து உடம்பில் ஏறிய பிறகு ஜெயித்து என்ன பயன்? சிகிச்சைக்குக் காவலில் அனுப்பும் உத்தரவையும் பல சுற்று நீதிமன்றங்கள் (ஃபெடரல் மேல்முறையீட்டுக் கோர்ட்டுகள்) இப்படி உடனடியாக விசாரிக்கின்றன.

இழப்பீடு: எது கிடைக்கும், எது கிடைக்காது

தீர்ப்பில் குற்றவாளி என்று ஆன பிறகுதான் இழப்பீட்டு உத்தரவு. ‘ரெஸ்டிட்யூஷன்’ என்று கோர்ட்டில் கேட்கும் சொல் இதுதான். 1982ல் முதல் சட்டம் வந்தபோது இதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். 1996ல் வந்த சட்டம் வன்முறைக் குற்றங்களுக்கும் மோசடி உள்பட சொத்துக் குற்றங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. முழுத் தொகைக்கும் உத்தரவிட வேண்டும். கட்ட வழியில்லை என்று தொகையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. எவ்வளவு எவ்வளவாகக் கட்டுவது என்ற தவணையில்தான் வசதியைப் பார்ப்பார்கள்.

இழந்த பணம், சொத்தின் மதிப்பு, உடல் காயம் என்றால் சிகிச்சைச் செலவு, இழந்த வருமானம், உயிர் போயிருந்தால் இறுதிச் சடங்குச் செலவு, விசாரணைக்கு வந்து போன பயணச் செலவு, அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆன செலவு, இவை எல்லாம் சேரும். மன வேதனைக்குப் பணம் இதில் கிடையாது. அதற்குத் தனியாக சிவில் வழக்குதான் போட வேண்டும். அந்த வழக்கில், குற்றவாளி என்று முடிவான விஷயத்தை எதிராளி மறுபடி மறுக்க முடியாது என்பது பாதிக்கப்பட்டவருக்குப் பெரிய பலம்.

மேல்முறையீட்டில் மிக அதிகமாக உடைபடுவது தொகையின் எல்லைதான் என்பதால் இரண்டு தீர்ப்புகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1990ல் ‘ஹியூகி எதிர் ஐக்கிய அமெரிக்கா’. திருடிய கிரெடிட் கார்டுகள் பல. ஆனால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஒரே ஒரு கார்டைப் பயன்படுத்தியதற்கு. கீழ்க் கோர்ட் எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து 90,431 டாலர் கட்டச் சொன்னது. அந்த ஒரு கார்டின் நஷ்டம் 10,412 டாலர். எந்தக் குற்றத்துக்குத் தண்டனையோ அதன் நஷ்டத்துக்குத்தான் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதன்பிறகு சட்டத்தைத் திருத்தி, ஒரு பெரிய மோசடித் திட்டமே குற்றத்தின் பகுதி என்றால் அந்தத் திட்டம் முழுவதன் நஷ்டத்தையும் சேர்க்க வழி செய்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு போடும் ஒப்பந்தத்தில் கூடுதலாகக் கட்டச் சம்மதித்தாலும் கட்ட வேண்டியதுதான். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இழப்பீடு பற்றிய பத்தியை வரி வரியாகப் படியுங்கள். ‘தொடர்புடைய எல்லா நடத்தைக்கும்’ என்ற மாதிரி ஒரு சொல்தொடர் தொகையைப் பல மடங்கு ஆக்கிவிடும்.

இன்னொன்று 2018ல் ‘லாகோஸ் எதிர் ஐக்கிய அமெரிக்கா’. ஏமாற்றப்பட்ட நிறுவனம் தானாகவே வக்கீல்களையும் கணக்காய்வாளர்களையும் வைத்து விசாரித்து, ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவழித்தது. அந்தச் செலவையும் குற்றவாளி தர வேண்டும் என்று கேட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது: சட்டம் சொல்லும் ‘விசாரணை’ என்பது அரசு செய்யும் விசாரணை மட்டுமே. தனியாக ஆள் வைத்துத் துப்புத் துலக்க நினைக்கும் பாதிக்கப்பட்டவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. மோசடிக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் நஷ்டம் 10,000 டாலருக்கு மேல் போனால் குடியேற்றச் சட்டத்தில் அது மிகக் கடுமையான வகையில் சேரும். கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தல் வரை போகலாம். அந்த நஷ்டம் எவ்வளவு என்று பார்க்க இழப்பீட்டு உத்தரவையே சான்றாக எடுக்கலாம் என்று 2009ல் ‘நிஜாவன் எதிர் ஹோல்டர்’ சொல்லிவிட்டது. ‘பணம்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தொகையை எதிர்க்காமல் விட்டவர்கள் குடியேற்றக் கோர்ட்டில் போய் நிற்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தல் வருமா என்று சொல்வது வக்கீலின் கடமை என்று 2010ல் ‘படீயா எதிர் கென்டக்கி’ தீர்த்துவைத்திருக்கிறது. கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

தொகையை எதிர்ப்பதும் நிரூபிப்பதும் தண்டனைக்கு முன்பு

புரொபேஷன் அதிகாரி தயாரிக்கும் தண்டனைக்கு முந்தைய அறிக்கையில்தான் இழப்பீட்டுக் கணக்கு முதலில் முழு உருவம் பெறும். அது தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்பு கைக்கு வர வேண்டும். வந்ததிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். எந்தப் பத்தி, எந்த எண், ஏன் தவறு என்று குறிப்பாக இருக்க வேண்டும். ‘தொகை அதிகம்’ என்று மொட்டையாக எழுதினால் மேல் கோர்ட்டில் அது ஆட்சேபமாகவே எடுபடாமல் போகலாம். நஷ்டத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு, தன் வசதியை நிரூபிக்கும் பொறுப்பு குற்றவாளிக்கு.

பாதிக்கப்பட்டவருக்கு இதுவே காகிதம் சேர்க்கும் நேரம். அரசுத் தரப்பிலிருந்து நஷ்டக் கணக்குப் படிவம் வரும். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு ரசீது அல்லது வங்கிப் பதிவு, கூடவே அந்தச் செலவு குற்றத்தோடு எப்படித் தொடர்பு என்று ஒரு வரி. காப்பீடு ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். அந்தப் பங்கு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும், ஆனால் உங்கள் பாக்கி தீர்ந்த பிறகுதான். கணக்கு தண்டனை நாளுக்குள் முடியாவிட்டால் 90 நாள் வரை தள்ளிவைக்கலாம். அந்தக் கெடு தாண்டினாலும் கோர்ட்டின் அதிகாரம் போய்விடாது என்று 2010ல் ‘டோலன்’ வழக்கில் முடிவானது. பின்னால் புதிதாக நஷ்டம் தெரிய வந்தால், தெரிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுப்போட வேண்டும்.

14 நாள்

தீர்ப்பு பதிவேட்டில் ஏறியதிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அரசுத் தரப்புக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் கீழ்க் கோர்ட் 30 நாள் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அறிவிப்பு என்பது ஒரு பக்கக் காகிதம்தான், வாதம் எதுவும் அதில் வேண்டாம். மேல்முறையீடு வேண்டும் என்று வக்கீலிடம் தெளிவாக, முடிந்தால் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லியும் அவர் தாக்கல் செய்யாவிட்டால், மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தாலும்கூட அந்த வாய்ப்பை மீட்டுத் தர 2019ல் வந்த ‘கார்ஸா எதிர் ஐடஹோ’ இருக்கிறது.

இழப்பீட்டைத் தள்ளிவைத்த வழக்குகளில் ஒரு குழி உண்டு, பலர் விழுகிற குழி. முதல் தீர்ப்புக்கு அறிவிப்புத் தாக்கல் செய்துவிட்டார்கள். சில மாதம் கழித்து இழப்பீட்டுத் தொகையோடு திருத்திய தீர்ப்பு வருகிறது. ஏற்கெனவே மேல்முறையீடு நடக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டால் இழப்பீட்டை எதிர்க்க முடியாது. அரசுத் தரப்பு அதைச் சுட்டிக்காட்டினால் கதவு மூடிவிடும் என்று 2017ல் ‘மன்ரீக் எதிர் ஐக்கிய அமெரிக்கா’ தெளிவாகச் சொன்னது. திருத்திய தீர்ப்புக்கு இன்னொரு அறிவிப்பு, மறுபடி 14 நாள்.

அறிவிப்புக்குப் பின் 14 நாளுக்குள் டிரான்ஸ்கிரிப்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். மனத்தகுதி விசாரணை, குற்றத்தை ஒப்புக்கொண்ட நாள், தண்டனை நாள், இழப்பீட்டு விசாரணை, இந்த நான்கு நாள்களின் டிரான்ஸ்கிரிப்டும் பட்டியலில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். ஆய்வு அறிக்கைகள் பெரும்பாலும் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கும். அவையும் மேலே போக வேண்டும்.

பணம் கட்டுவதை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்கலாம். தானாக நிற்காது. நிறுத்தினாலும், அந்தத் தொகையைக் கோர்ட்டில் கட்டிவைக்கவோ ஜாமீன் பத்திரம் தரவோ நீதிபதி சொல்லலாம்.

மேல் கோர்ட் எப்படிப் பார்க்கும்

எல்லாக் கேள்வியையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். ‘இவர் தகுதியானவர்’ என்று கீழ் நீதிபதி சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்திருந்தால், அதை எளிதில் மாற்ற மாட்டார்கள். வெளிப்படையான தவறு வேண்டும். ஆனால் சந்தேகம் கிளம்பியும் விசாரணையே நடத்தவில்லை என்ற புகார் வேறு ரகம், வலுவான ரகம். 1966ல் ‘பேட் எதிர் ராபின்சன்’ வழக்கில், தகுதி இல்லாதவர் தன் உரிமையைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார் என்று சொல்வது முரண்பாடு என்றார்கள். 1975ல் ‘ட்ரோப் எதிர் மிசௌரி’. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே தன்னைச் சுட்டுக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவரை விட்டுவிட்டு விசாரணையைத் தொடர்ந்து முடித்தார்கள். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. விசித்திரமான நடத்தை, கோர்ட்டில் தென்பட்ட தோற்றம், முந்தைய மருத்துவக் கருத்து, இவற்றில் ஒன்றே ஒன்றுகூடச் சில நேரம் போதும் என்று அது எழுதியது. வீட்டார் எழுதிய அந்த நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு வருவது இங்கேதான், அது கீழேயே தாக்கலாகியிருந்தால்.

இழப்பீட்டில், சட்டப்படி இப்படி உத்தரவிடலாமா என்ற கேள்வியை மேல் கோர்ட் புதிதாகப் பார்க்கும். கணக்கில் கீழ் நீதிபதிக்குக் கொஞ்சம் இடம் விடும். கீழே ஆட்சேபிக்காத விஷயம் என்றால் ‘கண்கூடான தவறு’ என்ற கடினமான நான்கு படிச் சோதனையைத் தாண்ட வேண்டும். மேல்முறையீட்டில் விட்டதைப் பிறகு பிரிவு 2255 மனுவில் கேட்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அது காவலை எதிர்ப்பதற்கான வழி. இழப்பீட்டுத் தொகையை மட்டும் எதிர்க்க அதைப் பெரும்பாலான சுற்று நீதிமன்றங்கள் அனுமதிப்பதில்லை.

பாதிக்கப்பட்டவர் வழக்கின் தரப்பு இல்லை. அதனால் இழப்பீடு குறைந்துவிட்டது என்று நேராக மேல்முறையீடு போட முடியாது என்பதே பெரும்பாலான கோர்ட்டுகளின் நிலை. ஆனால் கை கட்டி நிற்க வேண்டியதும் இல்லை. முழுமையான, தாமதமில்லாத இழப்பீட்டுக்கான உரிமையை 2004ஆம் ஆண்டின் சட்டம், பிரிவு 3771ல், தருகிறது. அதைக் கீழ்க் கோர்ட் மறுத்தால் மேல் கோர்ட்டில் மாண்டமஸ் மனுப்போடலாம், அதாவது கீழ்க் கோர்ட் தன் கடமையைச் செய்ய உத்தரவிடுங்கள் என்று கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் கீழ்க் கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தீர்ப்பு கவிழ்ந்தால் பணம்

மனத்தகுதியைப் பார்க்காமல் விட்டார்கள் என்று மேல் கோர்ட் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். அன்றைக்கு அவர் தகுதியாக இருந்தாரா என்று இப்போது பின்னோக்கி விசாரிக்கச் சொல்லலாம். காலம் கடந்து, சான்றும் மங்கிப்போயிருந்தால் அது நம்பகமாக இருக்காது என்று தீர்ப்பையே ரத்து செய்து புது விசாரணைக்கு அனுப்பலாம். தீர்ப்பு ரத்தானால் இழப்பீட்டு உத்தரவும் இல்லை.

அதுவரை கட்டிய பணம்? 2017ல் ‘நெல்சன் எதிர் கொலராடோ’ இதைத் தீர்த்தது. தண்டனை கவிழ்ந்து மறு விசாரணையில் விடுதலையான ஒரு பெண்ணின் ஜெயில் கணக்கிலிருந்து அரசு 702.10 டாலர் எடுத்திருந்தது. அதில் பெரும்பகுதி இழப்பீடு. திருப்பித் தர வேண்டுமானால் நீ நிரபராதி என்று நீயே நிரூபி என்றது கொலராடோ. அப்படிக் கேட்பது அரசியலமைப்புக்கு விரோதம், தண்டனையே இல்லாதபோது பணத்தை வைத்துக்கொள்ள அரசுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தொகை சிறியதுதான், ஆனால் விதி எல்லாத் தொகைக்கும் ஒன்றே.

பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பாருங்கள். மனத்தகுதி விசாரணைக்காக 4 மாதமோ 8 மாதமோ தள்ளிப்போவது எரிச்சலாகத்தான் இருக்கும், அதில் தவறே இல்லை. ஆனாலும் ‘நாடகம் ஆடுகிறார், தள்ளுங்கள்’ என்று அரசு வக்கீலை நெருக்காதீர்கள். சரியான ஆய்வும் தெளிவான விசாரணையும் பதிவில் இருந்தால் மேல் கோர்ட்டில் அதுவே உங்கள் இழப்பீட்டைக் காப்பாற்றும். அவர் தேறவே மாட்டார் என்று வழக்குக் கைவிடப்பட்டால் இழப்பீட்டு உத்தரவு வராது. அப்போது இரண்டு வழி: மாநிலத்தின் பாதிக்கப்பட்டோர் உதவி நிதி, சிவில் வழக்கு. இரண்டுக்கும் காலக் கெடு உண்டு. கிரிமினல் வழக்கு நிற்கிறதே என்று அந்தக் கெடு தானாக நிற்கும் என எண்ணாமல், மனத்தகுதிச் சந்தேகம் கிளம்பிய வாரத்திலேயே ஒரு சிவில் வக்கீலிடம் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு மேல்முறையீட்டிலும் நிலைத்துவிட்டால் வசூல் நீண்ட காலம் நடக்கும். தீர்ப்பு நாளிலிருந்து 20 ஆண்டு, அல்லது சிறையிலிருந்து விடுதலையான நாளிலிருந்து 20 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை பொறுப்பு தொடரும். திவால் மனுப்போட்டு இதிலிருந்து தப்ப முடியாது. சிறையில் இருக்கும்போது சொத்து வந்தால் அதையும் கட்ட வேண்டும். பணம் கோர்ட் கிளார்க் அலுவலகம் வழியாகத்தான் வரும், பெரும்பாலும் சிறு சிறு தொகையாக. வீடு மாறினால் புது முகவரியை அந்த அலுவலகத்துக்கும் அரசு வக்கீல் அலுவலகத்தின் பாதிக்கப்பட்டோர் பிரிவுக்கும் எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான நகலை வழக்கு எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள்.